முதல் டர்ட் பைக்: 200 சிசி போதுமா, ஒரேயடியாக 450-க்குப் போய்விடலாமா?

தாராபுரம்_தூசி

வணக்கம். நாலு வருடமாக இங்கே படித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. டர்ட் பைக் ஒன்று வாங்க வேண்டும். வயது 27, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 61 கிலோ. இதுவரை ஓட்டியது அப்பாவின் ஸ்ப்ளெண்டரும் என் 150 சிசி வண்டியும்தான். மண்ணில் ஓட்டிய அனுபவம் என்றால், தோட்டத்துக்குப் பால் எடுக்கப் போனதுதான்.

தாராபுரம் பக்கம் மாமாவுக்கு ஒன்பது ஏக்கர் கொறங்காடு (ஆடு மாடு மேயும் காடு) இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஒரு ஓடை, ஒரு ஓரமாகச் சின்னக் கரடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்டுவதுதான் திட்டம். மற்ற நாளில் அதே வண்டியில் வேலைக்குப் போக முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை.

ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாசாகி கேஎல்எக்ஸ் 230, கேடிஎம் 390 எண்டூரோ ஆர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கூட வேலை பார்க்கும் நண்பன் பெங்களூரில் ஒரு பழைய 450 மோட்டோகிராஸ் வண்டி இருக்கிறது, என் பட்ஜெட்டுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறான். "200 எடுத்தா ஆறே மாசத்துல சலிச்சிடும், எடுக்கறதைப் பெருசா எடு" என்பது அவன் வாதம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய_ஆர்எக்ஸ்

தம்பி, சிசியைக் கேட்டீர்கள், கிலோவைப் பற்றிப் பேச்சே இல்லையே. முதலில் அதைப் பாருங்கள்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி 159 கிலோ, பவர் 19 பிஎஸ். கேஎல்எக்ஸ் 230 வண்டி 139 கிலோ, 18 பிஎஸ். சிசியில் முப்பது கூட இருப்பதற்குப் பவர் ஒரு பிஎஸ் குறைவு. ஆனால் எடையில் 20 கிலோ வித்தியாசம். வீட்டுக்குப் போடுகிறார்களே தண்ணீர் கேன், அதில் ஒன்று. பழைய ஹிமாலயன் 411 வண்டி 199 கிலோ. கேஎல்எக்ஸோடு பார்த்தால் மூன்று கேன். எந்த வண்டி வாங்கலாம் என்று நினைக்கும்போதும் இத்தனை கேனைச் சுமந்துகொண்டு ஓடைக்குள் இறங்கப் போகிறேன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

நான் தொண்ணூறுகளில் மண் ரேஸ் ஓட்டியது 98 சிசி ஆர்எக்ஸ் 100-ல். 11 பிஎஸ்தான், வண்டியும் நூறு கிலோவைச் சுற்றித்தான். கீழே விழுந்தால் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தி, ஓடிக்கொண்டே ஏறிவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே எத்தனையோ பெரிய வண்டிகளை முந்தியிருக்கிறேன். அவர்கள் விழுந்தால் அங்கேயே நின்று மூச்சு வாங்குவார்கள்.

முறுக்கு_மன்னன்

அண்ணா சொல்வதெல்லாம் சரி, ஆனால் அது அந்தக் காலம். 390 எண்டூரோ ஆர் 46 பிஎஸ். எக்ஸ்பல்ஸ் 200 4வி-யைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தாராபுரத்திலிருந்து கொடைக்கானல் போகவேண்டும் என்றால் 19 பிஎஸ் வண்டியில் லாரிக்குப் பின்னாலேயே போகவேண்டியதுதான். ஆக்சிலேட்டர் நம் கையில்தானே இருக்கிறது? பெரிய இன்ஜினை மெதுவாக ஓட்டலாம், சின்ன இன்ஜினை வேகமாக ஓட்ட முடியாது.

பழைய_ஆர்எக்ஸ்

ஆக்சிலேட்டர் நம் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினையே, மன்னா.

ரோட்டில் மணிக்கட்டு ஆடாது. மண்ணில் அப்படியில்லை. ஓடைக்கரை ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி எகிறுகிறது. உடம்பு பின்னால் சாய்கிறது. சாயும்போது விழாமல் இருக்க எதைப் பிடிப்போம்? ஹேண்டிலை. இறுக்கிப் பிடித்தபடி உடம்பு பின்னால் போனால் வலது மணிக்கட்டு தானாகக் கீழே மடங்கும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் சீறும், உடம்பு இன்னும் பின்னால் போகும். இது நடப்பது அரை நொடி. 18 பிஎஸ் வண்டி அந்த அரை நொடியில் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான். 50 பிஎஸ் வண்டி கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். நீங்கள் இந்தப் பக்கம் கிடப்பீர்கள்.

மெதுவாக முறுக்கினால் போச்சு என்பவர்கள் எல்லோரும் சமதரையில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

பட்டறைக்காரன்

அந்தப் பெங்களூர் 450-க்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

450 என்ற எண் ஒன்றுதான், வண்டி இரண்டு ஜாதி. ஹிமாலயன் 450-ம் 450தான்: 40 பிஎஸ், 196 கிலோ, எண்ணெய் மாற்றிக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஓடும். மோட்டோகிராஸ் 450 என்பது 110 கிலோவைச் சுற்றி எடை, 50-க்கு மேல் பவர், பந்தயத்தில் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடுவதற்காகச் செய்தது. அதன் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். அதனால்தான் ஸ்பீடோமீட்டருக்குப் பதில் ஹவர் மீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஆயில், இத்தனை மணிக்கு ஒரு பிஸ்டன், இத்தனை மணிக்கு வால்வு என்று அட்டவணையே உண்டு. விற்பவரிடம் "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்று கேளுங்கள். "ரொம்பக் கம்மிதான் ஓட்டினோம்" என்று பதில் வந்தால் வண்டியைத் தொடாமலே திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் பெரும்பாலும் ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. காற்று அடிக்கிற வேகத்தில் போகும் என்ற நம்பிக்கையில் செய்தது. உங்கள் ஓடைக்குள் முதல் கியரில், பங்குனி வெயிலில், தட்டுத்தடுமாறி ஓட்டினால் பத்து நிமிடத்தில் கூலண்ட் கொதிக்கும். ஸ்பிரிங்கும் உங்களைவிடக் கனமான, தாவிக் குதிக்கிற ஆளுக்காக வைத்தது. 61 கிலோவுக்கு அது அமுங்கவே அமுங்காது, கட்டையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சீட் உயரம் 950 மி.மீ.க்கு மேல். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் எதுவும் இல்லை, ரோட்டில் இறக்க முடியாது. தாராபுரம் கொண்டுபோக டாட்டா ஏஸ் பிடிக்க வேண்டும்.

என் பட்டறைக்கு இப்படி ஒரு வண்டி வந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், வண்டி மேல் தப்பும் இல்லை. வாங்கியவர் ஏர் ஃபில்டரை ஒரு தடவைகூடக் கழுவவில்லை. திறந்து பார்த்தால் சிலிண்டர் சுவரில் செம்மண் தேய்த்த கோடு, நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது. பாகம் வர பதினொரு வாரம். அந்தச் செலவில் நல்ல நிலையில் உள்ள பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்று வாங்கியிருக்கலாம். வண்டி வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியதற்கான காகிதம் சரியாக இருக்கிறதா என்பது தனிக்கதை.

லேப்_டைம்

பந்தயத்திலேயே சிசிக்கு நேரடி அர்த்தம் கிடையாது. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. அதனால்தான் 125 டூ ஸ்ட்ரோக்கையும் 250 ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே வகுப்பில் விட்டார்கள். 1997-ல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மண் பந்தயம்) டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் முன்மாதிரி வண்டியில் 250 டூ ஸ்ட்ரோக்குகளைத் தோற்கடித்தார். அடுத்த வருடமே ஒய்இசட்400எஃப் கடைக்கு வந்தது. அதற்கு அப்புறம் டூ ஸ்ட்ரோக் காலம் மெல்ல மெல்ல முடிந்தது.

பெரிய இன்ஜின்தான் ஜெயிக்கும் என்பவர்களுக்கு இன்னொன்று. அந்தோனியோ காய்ரோலி 2010-ல் எம்எக்ஸ்1 (மோட்டோகிராஸின் உயர்ந்த வகுப்பு) உலகப் பட்டம் வென்றது 350 சிசி கேடிஎம்மில். எதிரே பெரும்பாலும் 450. உலக சாம்பியனுக்கே நூறு சிசி குறைவாக இருந்தும் போதுமாக இருந்திருக்கிறது.

டக்கார் பாலைவன ரேலியிலும் அப்படித்தான். மார்க் கோமா 2009-ல் 690 வண்டியில் ஜெயித்தார். அப்புறம் வேகம் அளவு மீறிப் போகிறது என்று 450 சிசிக்கு மேல் கூடாது என வரம்பு கொண்டுவந்தார்கள். 2011-ல் அதே கோமா 450-ல் ஜெயித்தார். நம் பக்கத்து ஷொரணூர் ஹரித் நோவா 2024-ல் ரேலி 2 பிரிவை (முதல்நிலைக்கு அடுத்த பிரிவு) வென்றதும் 450-ல்தான், ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்துக்கே 450 போதும் என்றால், ஒன்பது ஏக்கர் கொறங்காட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தேரிமணல்

எல்லோரும் சின்னதையே தூக்கிப் பிடிக்கிறீர்கள், மணல்காரன் ஒருவனும் பேசட்டும். நான் திருச்செந்தூர் பக்கம். எங்கள் தேரி சிவப்பு மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். அங்கே 200 சிசி வண்டி திணறும், அதுதான் உண்மை. மணலில் முன்சக்கரம் மிதக்க வேண்டும். அதற்கு விடாமல் இழுவை வேண்டும். இரண்டாவது கியரில் முழு முறுக்கில் வைத்தும் வண்டி அடங்கி அடங்கிப் போகும், இன்ஜின் சூடு தொடையில் அடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் முன்சக்கரம் உழுதுகொண்டு இறங்கி, ஆளை ஹேண்டிலுக்கு மேலே தூக்கிப் போடும். எனக்கு 84 கிலோ வேறு. நான் 390-க்கு மாறிய பிறகுதான் தேரியில் ஓட்டுவது சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். புது வண்டியில் போன முதல் நாள் பின்சக்கரம் அச்சு வரை புதைந்து நான் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்-ல் இரண்டு பக்கமும் பனை ஓலைக் கட்டை வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நின்று பார்க்கக்கூட இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், அவர் மணல் மேல் போகவில்லை. உடைமரத்துக்கு அடியில் இலையும் வேரும் மண்ணைக் கட்டி வைத்திருக்கிற ஓரமாகப் போகிறார். நூறு சிசி. தேரியில் சில பகுதிகள் காப்புக்காடு, அங்கே வண்டியோடு நுழையக்கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தாராபுரம்_தூசி

மாமா காட்டில் மணல் கிடையாதுங்க. ஓடைக்குள் மட்டும் கொஞ்சம். மற்றதெல்லாம் செம்மண்ணும் சரளைக் கல்லும்.

ஒத்தையடிப்பாதை

அப்படியென்றால் மணல் கணக்கை விட்டுவிடுங்கள் தம்பி.

நான் பொள்ளாச்சி, 5 அடி 3 அங்குலம், 54 கிலோ. கேஎல்எக்ஸ் 230 வைத்திருக்கிறேன். அதன் சீட் 880 மி.மீ. எக்ஸ்பல்ஸ் 200 4வி சாதா மாடல் 825, அதன் ப்ரோ மாடல் 891. 390 எண்டூரோ ஆர் இங்கே 860. ஷோரூமில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மேடம் உங்களுக்குக் கால் எட்டாது." எட்டவில்லைதான். ஆனால் உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும், ஒரு பக்கம் சரிந்து இடது கால் விரலை ஊன்றினால் போதும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்பது ரோட்டுப் பழக்கம். மண்ணில் பாதி நேரம் ஃபுட் பெக் (கால் வைக்கிற கம்பி) மேல் நின்றுகொண்டுதான் ஓட்டுவோம்.

எட்டாத கால் எப்போது வில்லங்கம் என்றால், வண்டி சரிவில் நிற்கும்போது. கால் ஊன்றப் போகிற பக்கம் பள்ளமாக இருந்தால் வண்டி சாய ஆரம்பித்துவிடும், பத்து டிகிரி தாண்டினால் பிடிக்க முடியாது. 139 கிலோ என்றால் விட்டுவிட்டு மறுபடி தூக்கலாம். அதனால் உயரமும் எடையும் சேர்ந்த கணக்கு இது. கால் எட்டாத கனமான வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

தூக்குகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரே நின்று குனிந்து இழுக்காதீர்கள், இடுப்பு போய்விடும். ஹேண்டிலை முழுக்க ஒடித்து, கியரில் போட்டு, சீட்டில் முதுகை வைத்து உட்கார்ந்தபடி காலால் பின்னோக்கி நடந்து வாருங்கள். முதல் தடவை சுலபம். நாலாவது தடவைதான் உங்கள் வண்டி எது என்று தெரியும்.

இரண்டு_பிள்ளை_அப்பா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 9 வயது, சைக்கிள் நன்றாக ஓட்டுகிறான். அவனுக்கு 50 சிசியா, 110 சிசியா? வளர்ந்துவிடுவானே என்று பெரிதாக எடுக்கலாமா?

பட்டறைக்காரன்

பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி வளரட்டும் என்று பெரிதாக எடுக்கிற விஷயம் இல்லை சார் இது. பையனை உட்கார வைத்துப் பாருங்கள். பாதம் தரையில் படவேண்டும், கிளட்ச் இல்லாத வண்டியாக இருக்கவேண்டும். கேஎல்எக்ஸ் 110 மாதிரி வண்டியில் கியர் உண்டு, கிளட்ச் தானாக வேலை செய்யும். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்று கட்டுப்படுத்த ஒரு ஸ்க்ரூவும் உண்டு. அதை முதலில் நன்றாக உள்ளே திருப்பி வையுங்கள். வேலி போட்ட சொந்த இடத்தில் மட்டும் ஓட்டட்டும். ரோட்டில் விட்டுப் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. தனி இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசலாம்.

முறுக்கு_மன்னன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஓடைக்குள் 390 அதிகம்தான். ஆனால் கேஎல்எக்ஸ்-ல் 18 பிஎஸ், கரடு ஏறும்போது மூச்சு வாங்காதா? ஆறு மாதம் கழித்து இவரே வந்து அழுவார்.

பழைய_ஆர்எக்ஸ்

கரடு ஏற வேண்டுமென்றால் அதற்கு இன்ஜினை மாற்ற வேண்டாம், ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடுகிற பல்சக்கரம்) மாற்றினால் போதும். முன்னால் 13 பல் இருக்கிற வண்டிக்கு 12 போட்டால் சக்கரத்தில் இழுவை எட்டு சதவீதம் கூடும். பின்னால் மூன்று நாலு பல் கூட்டுவதற்குச் சமம். ரோட்டில் டாப் ஸ்பீடு அதே அளவு குறையும், அவ்வளவுதான் நஷ்டம். முன் ஸ்ப்ராக்கெட் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். சின்ன வண்டியில் இழுவை போதவில்லை என்றால் இப்படிக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய வண்டியில் எடை ஜாஸ்தி என்றால் எதைக் கழற்றிப் போடுவீர்கள்?

ஆறு மாதத்தில் சலிக்கும் என்பதற்கும் பதில் சொல்கிறேன். சலித்தால் நல்லது. 18 பிஎஸ்ஸை முழுசாகப் பிழிந்து ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம். விற்றுவிட்டுப் பெரிதுக்குப் போங்கள். நான் பார்த்தவரை பெரிய வண்டியில் தொடங்கியவர்களுக்குச் சலிப்பதில்லை. பயம் வந்து, வண்டி போர்வை போர்த்தி ஷெட்டில் நிற்கும். பெங்களூர் 450 ஏன் குறைந்த விலைக்கு வருகிறது என்று நினைத்தீர்கள்?

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சத்தியமங்கலம், ஆனைமலைப் பக்கம் காட்டுத் தடங்களை இங்கே பகிர வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம், எத்தனை சிசி என்று வனத்துறை கேட்காது. முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கோலார் பக்கம் சி.எஸ்.சந்தோஷ் தொடங்கிய பிக்ராக் டர்ட்பார்க் இருக்கிறது. டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர்தான், 2015-ல்.

தாராபுரம்_தூசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போன ஞாயிறு ஒத்தையடிப்பாதை அக்கா அவர் கேஎல்எக்ஸ்-ஐ எடுத்துக்கொண்டு மாமா காட்டுக்கே வந்துவிட்டார். உடுமலையிலிருந்து இன்னொரு நண்பர் எக்ஸ்பல்ஸ் 200 4வி கொண்டுவந்தார். இருவருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

முதலில் எக்ஸ்பல்ஸ். உட்கார்ந்ததும் வீட்டு வண்டி மாதிரி இருந்தது, கால் நன்றாகப் பதிந்தது, வேலிப் பக்கம் இரண்டு சுற்று ஜம்மென்று போனேன். கேஎல்எக்ஸ்-ல் ஏறினால் ஏதோ திண்ணை மேல் உட்கார்ந்த மாதிரி, பயமாக இருந்தது. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் எக்ஸ்பல்ஸ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஓடைக்குள் இறங்கினோம். கரை ஒரு ஆள் உயரம், மேலே சரளை. எக்ஸ்பல்ஸில் ஏறும்போது பாதியில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டேன், வண்டி நின்றது, இடது காலை ஊன்றினேன், அங்கே தரையே இல்லை. இருவரும் கீழே. அக்கா சொன்ன மாதிரி முதுகை வைத்துத் தூக்கினேன். மறுபடி ஏறினேன், மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை தூக்கும்போது முழங்கை நடுங்க ஆரம்பித்து, உடுமலை நண்பர் வந்து பிடித்தார். பத்து நிமிடம் வேப்பமரத்தடியில் படுத்துவிட்டேன்.

கேஎல்எக்ஸ்-லும் விழுந்தேன், ஆறு தடவை. ஆறு தடவையும் நானே தூக்கினேன். ஏழாவது தடவை கரைக்கு மேலே போய்விட்டேன்! எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. பழைய_ஆர்எக்ஸ் அண்ணா சொன்ன அந்த மணிக்கட்டுச் சமாச்சாரமும் நடந்தது. வண்டி என்னை விட்டுவிட்டு மூன்று அடி தள்ளிப் படுத்துக்கொண்டது. அது 450-ஆக இருந்திருந்தால் மாமாவின் பட்டிக்குள் போயிருக்கும்.

கேஎல்எக்ஸ் புக் பண்ணியாகிவிட்டது. மிச்சப் பணத்தில் பூட்ஸ், முழங்கால் கார்டு, நல்ல ஹெல்மெட். நண்பனிடம் சொன்னபோது "சரி, ஆறு மாசம் கழிச்சுப் பேசுவோம்" என்றான்.

மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ஆடெல்லாம் பட்டிக்குத் திரும்பிய பிறகுதான் வண்டி இறங்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் ஓட்டக் கிடைக்கும் என்றாகிவிட்டது. இன்னொரு கேள்வி. அன்றைக்கு அக்கா வண்டியின் முன் டியூபில் இரண்டு கிளுவை முள் ஏறியிருந்தது, மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்த்தான் பஞ்சர் ஒட்டினோம். கையோடு வைத்துக்கொள்ள டயர் லீவரும் பம்பும் எது நல்லது?

ஒத்தையடிப்பாதை

இரண்டு இல்லை தம்பி, மூன்று. மூன்றாவது முள் நேற்றுத்தான் வெளியே வந்தது. பம்ப் விவரம் இரவு எழுதுகிறேன்.